விரட்டிவிட்ட ஆண் குளவிகள்

போன மாதம் ஒரு காலையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். திருப்பதியிலிருந்து ஹரிதா போன் செய்தாள். நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த பூச்சிக்கூடத்துக்கு இப்போது அவள்தான் அதிகாரி. தெலுங்குப் பெண். என்னோடு பேசும்போது மட்டும் பாதிக்குப் பாதி தமிழைக் கலந்துகொள்வாள்.

"அம்மா, அஞ்சலைன்னா ஏ மண்டலம், எந்த ஊரு? சத்தியவேடு பார்த்தேன், நகரி பார்த்தேன், குடுபல்லி கூட பார்த்தேன். மேப்புல எங்கயும் லேது."

விஷயம் இதுதான். சித்தூரில் இருந்த எங்கள் கூடத்தைத் திருப்பதியில் ஒரு புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற வேண்டுமாம். நாங்கள் வளர்க்கிற குளவி இனம் முதன்முதலில் எங்கே பிடிக்கப்பட்டது என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் ஜாடிகளில் ஒட்டிய சீட்டிலோ இத்தனை வருஷமாக ஒரே ஒரு சொல்தான்: அஞ்சலை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது ஊரு இல்ல கண்ணு, பொம்பள. நல்லா உயிரோடதான் கீது. அது கொல்லையில புடிச்ச குளவிதான் நம்ம குளவி."

"அவுனா! அப்போ அதுக்கு முன்னாடி இருந்த இனம் என்னாச்சு? அதுக்கும் ஒரு கட்டம் இருக்குது. ஏன் போச்சுன்னு காரணம் எழுதணும்."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய இனம் போனதற்குக் காரணம் நான்தான். அன்று முழுக்க கீரை அப்படியே முறத்தில் கிடந்து வாடியது.

பூச்சிக்கூடம் என்றவுடன் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட மூன்று அறைகள், கிழக்கே ஒரு பெரிய ஜன்னல், நீளமான நான்கு மேசைகள். கரும்புக் குருத்தைத் துளைக்கும் புழுவை வளர்ப்போம். அந்தப் புழுவைக் கொல்லும் குளவியையும் வளர்ப்போம். குளவியைப் பெட்டியில் வைத்து விவசாயிகளுக்குக் கொடுப்போம். கோட்டீசியா என்பது அதன் சாதிப் பெயர். எறும்பில் பாதிகூட இருக்காது, மனிதர்களைக் கொட்டவும் கொட்டாது. கரும்புக்குள் புழு குடைந்த பொந்தில் பெண் குளவி நுழைந்துபோய்ப் புழுவின் உடம்புக்குள் முட்டை வைத்துவிடும். புழு அந்த அவசரத்தில் திரும்பிக் கடித்ததென்றால் குளவி அங்கேயே செத்துப்போகும். முட்டையிலிருந்து வருகிற குஞ்சுகள் புழுவுக்குள்ளேயே இருந்து அதைத் தின்று வளரும். பன்னிரண்டு பதின்மூன்று நாளில் புழுவின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, வெள்ளைப் பஞ்சு மாதிரி கொத்தாகக் கூடு கட்டும். இன்னும் ஐந்தாறு நாளில் கூட்டிலிருந்து குளவிகள் பறக்கும். இதுதான் எங்கள் மொத்த உற்பத்தி.

எங்கள் வீடு நகரிப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பத்தாவது முடித்துச் சும்மா இருந்தவளை, சித்தூரில் பூச்சி வளர்க்கிற இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று நைனா கூட்டிக்கொண்டு போய் விட்டார். தினக்கூலி. முதல் வாரம் புழுவைத் தொடவே அருவருப்பாக இருந்தது. இரண்டாம் மாதம் புழு ஜாடிக்குப் பக்கத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சோறு துன்னும் அளவுக்குத் தேறிவிட்டேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

மீதி எல்லாம் சேஷய்யா சார். அந்த நாளில் கூடத்துக்கு அவர்தான் அதிகாரி. ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். காலையில் வந்ததும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக மேசைகளுக்கு அடியில் குனிவார். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு மேசைக் காலும் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். பதினாறு கிண்ணத்திலும் விரலை விட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எங்களுக்கு வணக்கம் சொல்வார். கொசுவர்த்தி கூடாது, பினாயில் கூடாது, வாசனைப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். எனக்குப் பவுடர் என்றால் உயிர். அவர் ஒருவருக்காக வாரத்தில் ஆறு நாள் விட்டேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பங்காகப் பூசிக்கொள்வேன்.

அவர் திட்டவே மாட்டார். யாராவது தப்புச் செய்துவிட்டால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "மொதடி நுஞ்சி செப்பு" என்பார். முதலிலிருந்து சொல்லு என்று அர்த்தம். நாம் சொல்லச் சொல்ல நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார். முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் கோணிற்று என்று நமக்கே தெரிந்துபோகும். அதைவிட அவர் இரண்டு திட்டுத் திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும்.

குளவிக்குப் புழுவைக் காட்டி முட்டை வைக்கச் செய்வதை நாங்கள் 'கொட்ட வைப்பது' என்போம். புழுவின் கழிவைக் கொஞ்சம் எடுத்து அதன் முதுகில் தடவ வேண்டும், அந்த வாசனைதான் பெண் குளவியை இழுக்கும். மெல்லிய இடுக்கியால் புழுவைப் பிடித்து, குளவி இருக்கும் டியூப்புக்குள் நீட்ட வேண்டும். குளவி ஏறி உட்காரும், வயிற்றை மடக்கும், ஒரே ஒரு குத்து. உடனே புழுவை எடுத்துக் கரும்புத் துண்டுக்குள் விட வேண்டும். தாமதித்தால் அதே புழுவை இன்னொரு தடவை குத்திவிடும், அப்புறம் உள்ளே குஞ்சுகளுக்குத் தீனி போதாது. நான் ஒரு காலையில் இருநூறு புழு கொட்ட வைப்பேன். சொன்னால் பெருமை என்பீர்கள், ஆனால் என் கை வேகம் அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் வரவில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உணர்கொம்பில் இருக்கிறது. நாங்கள் அதை மீசை என்போம். பெண்ணுக்குக் குட்டை மீசை, ஆணுக்கு உடம்பு நீளத்துக்கு நீட்டு மீசை. லென்ஸ் வைத்தால் யாருக்கும் தெரியும், எனக்கு லென்ஸ் இல்லாமலே தெரியும்.

இப்போது அஞ்சலைக்கு வருகிறேன். நகரியைத் தாண்டி எல்லையோரத்து ஊர் அவளுடையது. அவளும் அவள் புருஷன் கோவிந்தனும் பிறந்ததிலிருந்து அடுத்தவன் கரும்பை வெட்டிக் கூலி வாங்கினவர்கள். அந்த வருஷம்தான் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா கிடைத்து, முதல்முதலாகச் சொந்தக் கொல்லையில், எங்கள் பக்கம் வயலுக்கு அதுதான் பேர், கரும்பு வைத்திருந்தார்கள். முளைத்து முழங்கால் உயரம் வருவதற்குள் குருத்து காய ஆரம்பித்தது. புழு விழுந்தால் நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கும், பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும்.

முதல் தடவை குளவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் பஸ்ஸில் போனேன். உட்கார இடம் இல்லை. பெட்டியில் என்ன என்று ஒருத்தர் கேட்டார், குளவி என்றேன். மூன்று பேர் எழுந்து எனக்கு இடம் விட்டார்கள். அதற்கப்புறம் பஸ்ஸில் நான் நின்றுகொண்டு போனதே கிடையாது.

அஞ்சலை என்னைவிடப் பத்து வயது மூத்தவள். முதலில் நம்பவில்லை.

"இன்னாமே இது, பூச்சிய உட்டு பூச்சியப் புடிக்கிறதா? கேக்கறவன் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிக்கட்டும்க்கா. ஆனா குருணை மருந்து மட்டும் போடாத. போட்டா இதுங்க செத்துடும்."

காய்ந்த குருத்துகளைப் பிடுங்கிக் கொளுத்துவது கரும்புக்காரர்கள் வழக்கம். அதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் பிளந்து பார்க்கச் சொன்னேன். "உள்ள வெள்ளைப் பஞ்சு மாதிரி கீதுன்னா அது புழு முட்டைன்னு நெனச்சி நசுக்கிப்புடாத. அதுங்க எங்க வீட்டுப் புள்ளைங்க" என்றேன். தலையை ஆட்டினாள். அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் சார் மூன்று வாரப் பயிற்சிக்கு ஹைதராபாத் போனார். என்னோடு வேலை பார்த்த சரஸ்வதி பிரசவத்துக்குப் போயிருந்தாள். கூடம் முழுக்க என் கையில். கிளம்புகிற அன்று சார், "பெண் குளவி எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள், சீசன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தினக்கூலிக்காரர்களைப் பர்மனெண்ட் ஆக்கும் லிஸ்ட் அந்தச் சமயத்தில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. சார் திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

கூட்டிலிருந்து ஆண் குளவிகள்தான் முதலில் வெளியே வரும். வந்து என்ன செய்கின்றன? கொட்டுவதில்லை, முட்டை வைப்பதில்லை. நாம் தடவி வைத்த தேனை நக்கிக்கொண்டு ஜாடியின் சுவரில் ஊர்ந்துகொண்டிருக்கும். பெண் வெளியே வந்ததும் மேலே ஏறித் தொந்தரவு செய்யும். இந்தச் சோம்பேறிகளுக்கு எதற்குத் தேன், எதற்கு இடம்? விடிந்ததும் வந்து, வாயில் வைத்து உறிஞ்சுகிற ரப்பர் குழாயால் ஆண்களை ஒன்று விடாமல் பிடித்து ஜன்னல் வழியே ஊதிவிட்டேன். அப்புறம் வந்த பெண்கள் மட்டும் ஜாடியில். எவ்வளவு சுத்தமான ஜாடிகள்! எங்கள் தெருவில் சில வீட்டிலும் இப்படிச் செய்யலாம் என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன்.

தினமும் அதே மாதிரி. அந்தப் பெண்கள் நன்றாகவே கொட்டின. புழுக்கள் முறைப்படி செத்தன. வெள்ளைக் கூடுகள் முறைப்படி வந்தன. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சார் ஊரிலிருந்து திரும்புகிற அன்று, அந்தச் சுத்தமான பெண்களின் முதல் கூடுகளை ஒரு பெட்டியில் போட்டு அஞ்சலை கொல்லையில் வைத்துவிட்டு வந்தேன். காய்ந்த குருத்து முன்னைவிட அதிகமாகத்தான் தெரிந்தது. கோவிந்தன் வரப்பில் நின்று என்னை முறைத்தான். "இன்னும் கொஞ்ச நாளு பொறுண்ணா, இந்தப் பெட்டி போதும்" என்று சவடாலாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை கூடத்தில் மீதி இருந்த கூடுகள் வெடித்தன. முதல் ஜாடியில் எல்லாம் நீட்டு மீசை. ஆண்தானே முதலில் வரும் என்று காத்திருந்தேன். ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. இரண்டாவது ஜாடி, மூன்றாவது ஜாடி, எல்லாவற்றிலும் நீட்டு மீசை. எனக்குத் தேவைப்படாத லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு பெண்கூட இல்லை. கொட்டுவதற்கு ஒரு குளவி இல்லை என்றால், இவை இரண்டு மூன்று நாளில் செத்ததும் இனமே முடிந்துபோகும். அஞ்சலை கொல்லையில் நான் வைத்த பெட்டியிலும் இதேதான் வெளியே வந்திருக்கும்.

ஒரு நிமிஷம் கெட்ட யோசனை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஜாடியை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கரண்ட் போய்ச் சூட்டில் செத்துவிட்டன என்று சொல்லலாம். கரண்டும் அந்த வாரம் போய்ப் போய்த்தான் வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? அதற்குள் சார் உள்ளே வந்துவிட்டார். கிண்ணங்களில் விரலை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஏமைந்தி கன்னியம்மா? மொதடி நுஞ்சி செப்பு."

முதலிலிருந்து சொன்னேன். ரப்பர் குழாய், ஜன்னல், சோம்பேறிகள் என்று நான் பேர் வைத்தது, எல்லாம். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே புரிந்துவிட்டது. கடைசியில் தேம்பித் தேம்பி அழுதேன்.

சார் நிதானமாக விளக்கினார். ஆணோடு சேராத பெண் குளவியும் முட்டை வைக்கும். ஆனால் அந்த முட்டையிலிருந்து ஆண் மட்டும்தான் பிறக்கும். சேர்ந்த பெண்ணுக்குத்தான் பெண் பிறக்கும். "இதை உனக்கு நான் சொல்லித் தந்திருக்கணும்" என்று மட்டும் தெலுங்கில் சொன்னார். பிறகு, "ரிஜிஸ்டர் நேனு ராஸ்தானு" என்றார். நானே எழுதிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அவர் என்ன எழுதப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. லிஸ்ட்டில் என் பேர் என்ன ஆகும் என்பதும் என் மனதில் ஓடியது. அதையும் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே இருவரும் பஸ் ஏறினோம். அஞ்சலை கொல்லையில் குருத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, நேத்துதான வந்துட்டுப் போன? ஆபீசரையும் இட்டுக்கினு வந்துகீற?"

சார் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"நேத்து நீ வுட்டது பூரா ஆம்பளையா?"

"ஆமாக்கா."

"ஒண்ணுகூட கொட்டாதா?"

"கொட்டாது."

கையில் இருந்த குருத்துகளை என் காலடியில் விட்டெறிந்தாள். "மருந்து போடறேன் போடறேன்னு நிக்கிறான் அவன். ஒரு மாசமா அவன் கையப் புடிச்சி நிறுத்தி வச்சிக்கினு கீறேன். ஊரே பாத்து சிரிக்குது. நீ இன்னாடான்னா மீசையப் பாத்து ஜன்னல்ல ஊதி வுட்டுக்கினு இருந்தியா? உனுக்கு வெளையாட்டு. எனுக்கு இதான்டி மொத கொல்லை!"

நான் தலையைத் தூக்கவில்லை. சத்தம் கேட்டுக் கோவிந்தன் வந்தான், குடிசைக்குப் போய்க் குருணை மருந்துப் பொட்டலத்தோடு திரும்பினான்.

சார் தனக்குத் தெரிந்த தமிழில் அவனிடம் சொன்னார். "கோவிந்தா, போட்டுக்கோ. தப்பு மாதி. வேணாம்னு நான் சொல்ல மாட்டேன்." மாதி என்றால் எங்களுடையது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடத்தில் இனம் அற்றுப்போயிற்று. முன்னே நான் விட்ட நல்ல குளவிகளின் வம்சம் எங்காவது மிச்சம் இருந்தால் அது இந்தக் கொல்லையில்தான் இருக்க வேண்டும். மருந்து விழுந்தால் அதுவும் போயிற்று. சாருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர் அதைச் சொல்லவில்லை, அவர்களுடைய பயிரை வைத்துத் தன் கூடத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மனிதருக்கு மனசு வரவில்லை.

கோவிந்தன் பொட்டலத்தின் வாயைக் கிழிக்கப் போனான். அஞ்சலை திடீரென்று என்னிடம் கேட்டாள்.

"மருந்து போட்டா பானையில கீறதும் சாவுமா?"

"எந்தப் பானைக்கா?"

வரப்போரம் ஒரு வேப்பமரம். அதன் தாழ்ந்த கிளையில் உடைந்த பானை ஒன்று தொங்கியது, மேலே பனையோலை மூடி. இறக்கிக் காட்டினாள். உள்ளே விரல் நீளக் கரும்புக் குருத்துத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பஞ்சுக் கொத்து. கொளுத்துவதற்கு முன்னால் பிளந்து பார்த்து, பஞ்சு இருந்ததை எல்லாம் இந்தப் பானையில் போட்டு வைத்திருக்கிறாள். வெடித்த கூடுகளும் இருந்தன, வெடிக்காதவையும் இருந்தன.

"எங்க வூட்டுப் புள்ளைங்கன்னு நீதான சொன்ன? எறும்பு துன்னுடப் போவுதேன்னு கயித்துல எண்ண தடவிக் கட்டி வச்சேன்" என்றாள்.

சார் லென்ஸை எடுத்தார். ஒரு கொத்து அப்போதுதான் வெடித்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு லென்ஸை என்னிடம் நீட்டினார். நீட்டு மீசையும் இருந்தது, குட்டை மீசையும் இருந்தது. அந்த வேப்பமரத்தடியில் எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட வரவில்லை. ஆனால் அந்தப் பானை எங்களுடையது இல்லை. அவள் கொல்லைக்கு மிஞ்சியிருந்த காவல் அது ஒன்றுதான்.

சார் கேட்கமாட்டார் என்று தெரியும். நான் கேட்டேன். "அக்கா, இதுல கொஞ்சம் எனக்குக் குடுத்தீன்னா மறுபடியும் வளத்துக் குடுப்பேன். இல்லாட்டி யாருக்கும் இனிமே இல்ல. கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல, ஆனாலும் கேக்கறேன்."

அவள் கீழே உட்கார்ந்து வெடிக்காத கொத்துகளைத் தனியாக எடுத்து முந்தானையில் பரப்பினாள். பதினொன்று. "ஒனக்குப் பாதி, எனக்குப் பாதி" என்று ஐந்தைப் பானையில் திருப்பிப் போட்டாள், ஐந்தை என் டப்பாவில் வைத்தாள். பதினொன்றாவது அவள் உள்ளங்கையில் இருந்தது. கொல்லையை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அதையும் என் டப்பாவில் வைத்தாள்.

"இருவது நாளு. ஆம்பளையும் பொம்பளையுமா எனுக்குத் திரும்பி வரணும்."

கோவிந்தனுக்குப் பொறுக்கவில்லை. "அதுக்குள்ள கரும்பு பூரா போச்சின்னா இன்னா பண்ணுவ?"

"போச்சின்னா மறுபடியும் அடுத்தவன் கொல்லையில வெட்டப் போ. நானும் வரேன். நமக்கு இன்னா புதுசா?" என்று சொல்லி அவன் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிக் கூரையில் செருகினாள்.

அந்த இருபது நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை, சரியாகத் துன்னவும் இல்லை. ஆறு கொத்தையும் கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். ஆண்கள் முதலில் வந்து காத்திருந்தன. பெண்கள் வந்தன. எல்லாம் சேரும்வரை நான் ஜாடியைத் தொடவே இல்லை, தேனை மட்டும் தாராளமாகத் தடவினேன். சார் பழைய சீட்டுகளைக் கிழித்துவிட்டு, புதுச் சீட்டில் தன் கையால் 'அஞ்சலை' என்று எழுதி ஒட்டினார்.

சொன்ன நாளில் பெட்டியோடு போனேன். சாலைப் பக்கத்துக் கரும்பு பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. வேப்பமரத்துப் பக்கம் பரவாயில்லை. அப்புறம் மண் அணைத்து, மழையும் கொஞ்சம் பெய்ததில் பக்கக் கிளைப்புகள் வந்து ஓரளவு மூடிக்கொண்டது. வெட்டு அன்று கூப்பிட்டு அனுப்பினாள். முழு விளைச்சல் இல்லை. இருந்தாலும் அவள் சொந்தக் கொல்லையில் அவளே கத்தியைப் பிடித்து முதல் கரும்பை வெட்டினாள், இரண்டாவதை என்னை வெட்டச் சொன்னாள். அந்த விவகாரத்துக்கு அப்புறம் ஒரு வருஷம்கூட எங்களுக்குள் பேச்சு விட்டுப்போனதில்லை.

எனக்கு அந்த வருஷமே பர்மனெண்ட் ஆர்டர் வந்தது. சில மாதம் கழித்து சாருக்கு சூளூர்பேட்டைப் பக்கம் மாற்றல் வந்தது. அங்கே ஏரியும் மீனும் உண்டு, அவர் பார்க்கக் கரும்பு கிடையாது. சாதாரண மாற்றல் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மாலை போட்டு, போண்டா வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். கிளம்பும்போதுகூடக் குனிந்து பதினாறு கிண்ணத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் காலமாகி ஏழெட்டு வருஷம் ஆகிறது.

ஹரிதா நாலு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். பழைய ரிஜிஸ்டர் கட்டில் அந்த வருஷத்துப் பக்கம் கிடைத்துவிட்டதாம். சேஷய்யா சார் தெலுங்கில் எழுதியிருந்ததை வாசித்தாள்.

"'ஆண் குளவிகளை முன்கூட்டியே அகற்றிப் பார்க்கும்படி ஊழியரிடம் சொன்னது நான். அது தவறான சோதனை. இனம் அற்றுப்போனதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.' கீழ கையெழுத்து இருக்குது. இதையே எழுதிடவாம்மா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். அவள் தொடர்ந்தாள்.

"ஆனா ஒண்ணு புரியல. இதே பக்கத்துல மேல, அந்த மூணு வாரமும் தான் ஹைதராபாத் ட்ரைனிங்ல இருந்ததா அவரே எழுதியிருக்கார். இல்லாதவர் எப்படிச் சொல்லியிருப்பார்?"

சாருக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே அழுதேன். அந்த ரிஜிஸ்டர் இத்தனை வருஷமும் என் மேசைக்கு எதிர் அலமாரியில்தான் இருந்தது. எந்த நாளிலும் எழுந்துபோய்ப் பிரித்துப் பார்த்திருக்கலாம். பயந்துகொண்டு பார்க்காமலே ரிட்டயர் ஆகிவிட்டேன். அவர் சூளூர்பேட்டைக்கு ஏன் போனார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"அத்த அப்படியே எழுதாத. நான் வரேன்" என்றேன்.

அடுத்த நாள் திருப்பதி போனேன். புதுக் கூடம் பளபளவென்று இருக்கிறது. மேசைகள் இரும்பு, ஆனால் கால்களுக்குக் கீழே கிண்ணங்கள் இருந்தன, விரலை விட்டுப் பார்த்தேன். பழைய ரிஜிஸ்டரில் கை வைக்கக் கூடாதாம், அதில் சார் எழுதியது எழுதியதுதான். புதுக் கட்டத்தில் எழுதலாம் என்றாள் ஹரிதா. அவளுக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ரிட்டயர் ஆயிட்டீங்க, இப்போ எதுக்கும்மா இது?" என்றாள். எழுது என்றேன். நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். இனம் கிடைத்த இடம்: அஞ்சலை என்கிற விவசாயியின் கரும்புக் கொல்லை. பழைய இனம் அற்ற காரணம்: ஊழியர் கன்னியம்மா, யாரும் சொல்லாமல், தானாகவே ஆண் குளவிகளை விரட்டிவிட்டது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அஞ்சலைக்குப் போன் போட்டேன். வயசாகிவிட்டது, கத்திச் சொன்னால்தான் கேட்கும். ரிஜிஸ்டரில் இருந்ததையும் நான் இப்போது எழுதியதையும் நடு ரோட்டில் நின்று கத்திச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர்ல எம் பேரு மேல கீதா, உம் பேரு மேல கீதா?"

"உம் பேருதான்க்கா மேல."

"அதான பாத்தேன். அப்போ ஆபீசரு பேரு எங்க கீது?"

"சார் பேரு அதுல இல்லக்கா. அத்த எடுக்கத்தான் வந்தேன்."

அஞ்சலை சொன்னாள். "அன்னிக்கு ஆபீசரு உம் முன்னாடி எம் புருஷனாண்ட, 'போட்டுக்கோ, தப்பு மாதி'ன்னாரு பாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான்டி நானு பதினொண்ணாவது கூட்ட உன் டப்பாவுல வச்சேன்."